யாழ்ப்பாணத்து அடுப்பும் விளக்கும்: வீட்டு எரிபொருட் சிக்கனத்தின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு வாழ்க்கையை ஆராய்பவர் முதலில் அதன் நிலத்தைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இந்நிலம் சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் மெல்லிய மண் படிந்த சமதரை. மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்று பெயர் சொல்ல உள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தேங்க, அந்நீரைக் கிணறு வெட்டி எடுத்தே குடியும் பயிரும் நடந்தன. நெடுங்காலமாக மக்கள் நெருங்கிக் குடியிருந்த மண்ணாதலால் காடென்று சொல்லத்தக்க பரப்பும் எஞ்சவில்லை. நல்ல விறகு வேண்டுமாயின் ஆனையிறவுக்கு அப்பாலுள்ள வன்னிக் காடுகளிலிருந்து முன்னாளில் மாட்டுவண்டியிலும் பின்னாளில் லொறியிலும் வரவேண்டியிருந்தது.

விறகு விலைகொடுத்து வாங்கும் பொருளாகவும், நீர் உடலுழைப்பால் மேலே தூக்கும் பொருளாகவும் இருந்த இடத்தில், நெருப்பையும் நீரையும் ஒளியையும் அளந்து செலவிடுவது அறநெறியாகப் போதிக்கப்படுவதற்கு முன்பே வீட்டின் நடைமுறையாக அமைந்துவிட்டது. அந்த நடைமுறையின் சாரம் ஒவ்வொரு வேலைக்கும் உரிய நெருப்பையும், அந்த வேலைக்குப் போதிய அளவு நெருப்பையும் தேர்ந்து பொருத்துவதாகும். இந்தப் பொருத்தம் உருவான விதமும், மண்ணெண்ணெயும் மின்சாரமும் வந்தபோது தளர்ந்த விதமும், 1990களின் போர்க்காலத்தில் வேறு வடிவில் திரும்பிய விதமும் இக்கட்டுரையின் பொருள்.

பனை தந்த எரிபொருள்கள்

காடில்லாத குடாநாட்டுக்குக் காட்டின் இடத்தை நிரப்பியது பனை. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் வெளியூர்களுக்கு ஏற்றுமதியான வணிகப் பொருளாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். 1859இல் வெளிவந்த எமர்சன் டெனன்றின் இலங்கை பற்றிய நூலும் யாழ்ப்பாணத்துப் பனையை விரிவாகப் பேசியது. பனையின் பயன்கள் 801 என்னும் மரபுவழிக் கணக்கு அக்காலத்திலேயே எழுத்தில் இடம்பெற்றுவிட்டது. யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பனையின் பெருமையைச் சொல்லத் ‘தால விலாசம்’ என்னும் செய்யுள் நூலை இயற்றினார். உணவு, கூரை, வேலி, தளபாடம் என்று விரியும் இப்பயன்களுள் எரிபொருள் என்பது தனிப்பெருமை பெறாத ஒன்று. ஆனால் அன்றாட வீட்டுக் கணக்கில் அதன் பங்கு பெரிது.

பனையிலிருந்து எரிப்பதற்குக் கிடைத்த பொருள்கள் பலவகையின. ஒவ்வொன்றும் எரியும் தன்மையில் வேறுபட்டது. மரத்திலேயே முற்றிக் காய்ந்து விழும் ஓலையாகிய காவோலை சட்டென்று பற்றிப் பெருஞ்சுவாலையோடு எரிந்து விரைவில் அடங்கும். அடுப்பை மூட்டவும், சிறிது நேரத்தில் முடிகிற வேலைக்கும் அது ஏற்றது. ஓலையின் காம்பாகிய மட்டை விறகு போல நின்று எரியும். மட்டையின் அடிப்பகுதியைச் சுற்றி வலைபோல் படர்ந்திருக்கும் நார்ப்பின்னலாகிய பன்னாடை நெருப்பை ஏற்றுக்கொள்வதில் வல்லது. காய்ந்த பாளையும் காய்க்குலையின் காம்பும் இடைத்தர எரிபொருள்கள்.

இவற்றுள் மிகக் கவனிக்கத்தக்கது ஊமல். ஆவணி, புரட்டாசி மாதங்களில் விழும் பனம்பழத்தின் களியைப் பிழிந்து வெயிலிற் காயவைத்துப் பினாட்டு ஆக்கியபின், எஞ்சும் பனங்கொட்டைகளை மணற்பாத்தியில் அடுக்கி முளைக்கவிடுவர். தை, மாசி அளவில் பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுத்தபிறகு, கொட்டையைப் பிளந்தால் உள்ளே பஞ்சுபோன்ற இனிய பூரான் கிடைக்கும். அதையும் உண்டபின் மிஞ்சும் கடினமான ஓட்டுப் பாதிகளே ஊமல். களி, கிழங்கு, பூரான் என்று மூன்று உணவுகளைத் தந்து முடித்த ஒரு கொட்டை நான்காம் முறையாக எரிபொருளாகிறது. காய்ந்த ஊமல் நின்று நிதானமாக எரிந்து நல்ல தணல் தரும். அதைச் சுட்டுக் கரியாக்கினால் உயர்ந்த வெப்பம் கிடைத்தமையால் கொல்லரும் பொற்கொல்லரும் ஊமற்கரியை விரும்பிப் பயன்படுத்தினர்.

தென்னையும் இதே ஒழுங்கில் இடம்பெற்றது. தேங்காயின் மட்டையாகிய பொச்சு மெல்லப் புகைந்து நெருப்பைத் தாங்கி நிற்கும். சிரட்டை விரைந்து எரிந்து கடினமான கரியாகும். அந்தச் சிரட்டைக்கரித் தணலை நிரப்பிய ஸ்திரிக்கைப் பெட்டியே பாடசாலைச் சீருடை முதல் கலியாண வேட்டி வரை மினுக்கப் பயன்பட்டது. வேலிகளில் நட்ட கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால்களை ஆண்டுதோறும் வெட்டும்போது தழை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போக, தடி காய்ந்து அடுப்புக்கு வந்தது. இவ்வாறு ஒரு வளவுக்குள் விளைந்தவையே அந்த வளவின் அடுப்பை எரித்தன. விலைவிறகு பெருஞ்சமையலுக்கும், நெல் அவிப்பதற்கும், வளவில்லாத நகரத்து வீடுகளுக்கும் உரியதாயிற்று.

அடுப்பைச் சுற்றிய ஒழுங்கு

குசினி என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் சமையலறை பெரும்பாலும் வீட்டிலிருந்து விலகித் தனியே நின்றது. ஓலைக்கூரைகள் நிறைந்த ஊரில் தீப்பிடிக்கும் அச்சமே அதற்குரிய முதற்காரணம். அடுப்புக்கு மேலேயோ அருகிலேயோ அமைத்த பரணில் விறகும் மட்டையும் அடுக்கப்பட்டன. ஈரவிறகு எரியும்போது அதன் வெப்பத்தின் ஒரு பகுதி முதலில் உள்ளிருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும்; பானைக்குச் சேரவேண்டிய சூடு புகையாகி வெளியேறும். அணைந்துபோகும் அடுப்பின் சூட்டில் நாளைய விறகைக் காயவைப்பதால் அந்த இழப்பு குறைந்ததோடு, மாரி தொடங்குமுன் ஓலையையும் விறகையும் நனையாத இடத்தில் சேர்த்துவைப்பது ஆவணி, புரட்டாசி மாதங்களின் கட்டாய வேலையாகவும் ஆயிற்று.

நெருப்புப்பெட்டி பரவலாவதற்கு முன் நெருப்பை உண்டாக்குவதைவிடப் பேணுவதே எளிது. இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைத்தால் காற்றுப்படாமல் மெல்லக் கனன்று விடியும்வரை நிற்கும். காலையில் சாம்பலை விலக்கிப் பன்னாடையை வைத்து ஊதினால் அடுப்பு பற்றும். தணல் அவிந்துபோன வீட்டார் பொச்சுத்துண்டையோ சிரட்டையையோ எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கிவருவர். நெருப்புக் குச்சி ஒன்றைக்கூட வீணாக்காத பழக்கம், நெருப்புப்பெட்டி மலிந்த பிறகும் முதியவர்களிடம் நீண்டகாலம் நீடித்தமைக்கு இந்தப் பழைய ஒழுங்கே அடிப்படை.

உணவின் வடிவமும் அடுப்பின் கணக்குக்கு உட்பட்டது. நாளுக்கு ஒருமுறை சோறாக்கி, மிஞ்சியதற்கு இரவில் நீரூற்றிவைத்துக் காலையில் பழஞ்சோறாக உண்பது ஒருவேளைச் சமையலை முற்றாக மிச்சப்படுத்தியது. மீன், மரவள்ளி, பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒடியல் மா என்று எல்லாவற்றையும் ஒரே பானையில் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற் கூழ் ஒரே நெருப்பில் ஒரு குடும்பத்துக்கு முழு உணவானது. பனங்கிழங்கை வெயிலில் உலர்த்தி ஒடியலாக்குவதும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்குவதும், மீனைக் கருவாடாக்குவதும், மோர்மிளகாயும் வடகமும் போடுவதும் வெயிலின் வெப்பத்தை மாரிகாலத்துக்குச் சேமிக்கும் வழிகளாயின. பிட்டு அவிப்பதற்குப் பனையோலையால் இழைத்த நீற்றுப்பெட்டி, கொதிக்கும் பானையின் வாயிலேயே வைக்கப்பட்டு எழும் ஆவியைப் பயன்கொண்டது. சோறு வடித்தபின் பானையை அணைந்த அடுப்பின் தணலிலேயே விட்டுவைத்தால் மட்பாண்டம் தாங்கிய சூட்டில் மீதி வேலை முடிந்துவிடும்.

நாற்சார் வீடும் துலாவும்

வசதியுள்ளோர் கட்டிய நாற்சார் வீடு, நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும் கொண்டது. முற்றத்தின் வழியே பகல்வெளிச்சம் வீட்டின் நடுவுக்கு வந்தமையால் பகலில் விளக்குக்குத் தேவை ஏற்படவில்லை. வெப்பக்காற்று முற்றத்தின் வழியே மேலெழ, விறாந்தையின் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. எளிய குடும்பங்களின் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட வீடு ஓரிரண்டு ஆண்டுக்கொருமுறை வேயவேண்டிய உழைப்பைக் கேட்டாலும், உச்சிவெயிலைத் தடுப்பதில் பின்னாளில் வந்த தகரக்கூரையையும் அஸ்பெஸ்ரஸ் கூரையையும்விடச் சிறந்தது. இரவில் இலுப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றிய விளக்கு ஒன்றிரண்டு போதுமாயிருந்தது. வெளியே போகக் காவோலையை இறுக்கிக் கட்டிக் கொளுத்திய சூள் உதவியது. அதே சூளின் ஒளியில் ஆழம் குறைந்த களக்கடலில் இரவு மீன்பிடிப்பும் நடந்தது.

நீர் எடுப்பதற்குத் துலா என்னும் பொறி பயன்பட்டது. கிணற்றருகே நட்ட இரு ஆடுகால்களுக்கிடையில் பனை அல்லது வேறு மரத்தாலான நீண்ட சட்டத்தைத் தராசுத் தண்டுபோல் அசையும்படி பொருத்தி, ஒரு முனையிலிருந்து தொங்கும் கொடியில் வாளியை அல்லது பட்டையைக் கட்டுவர். வீட்டுக் கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல்லைக் கட்டினால் அந்தப் பாரமே வாளியை மேலே தூக்க உதவும். தோட்டக் கிணறுகளில் ஒருவரோ இருவரோ துலாவின் மேலேறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, மற்றொருவர் பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்புவார். கைவலிமையால் இழுப்பதற்குப் பதிலாக உடலின் பாரமே வேலைசெய்வதால் பல மணிநேரம் தொடர்ந்து இறைக்க முடிந்தது. வெயில் ஏறுமுன் இறைப்பு முடியவேண்டும் என்பதற்காக விடியற்காலத்திலேயே வேலை தொடங்கியது. புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பாய்ந்த நீர் முழுவதும் இவ்வாறு மனித உடலின் ஆற்றலால் மேலே வந்தது.

இந்தச் சிக்கனத்தின் சுமையை யார் தாங்கினர் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அதன் திறத்தை மட்டும் பேசுவது வரலாறாகாது. பனையேறியவரும், துலா மிதித்தவரும், ஓலை வெட்டி வேய்ந்தவரும் பெரும்பாலும் அடிமை குடிமை முறையில் கட்டுண்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1844இல் சட்டப்படி அடிமைமுறை இலங்கையில் ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமைத் தொழிற்கட்டு நெடுங்காலம் நீடித்தது. பிறர் தோட்டத்துக்கு நீரிறைத்தவர்கள் அதே ஊரின் கிணறுகளில் தமக்கென நீரள்ள முடியாத நிலையும் இருந்தது. வீட்டுக்குள்ளோ, ஓலை பொறுக்குதல், விறகு காயவைத்தல், புகையில் அமர்ந்து அடுப்பூதுதல் ஆகிய அனைத்தும் பெண்களின் மேல் விழுந்தன. எரிபொருள் மிச்சமான அளவுக்கு இவர்களின் உழைப்பும் கண்ணும் நெஞ்சும் செலவாயின.

மண்ணெண்ணெயும் மின்சாரமும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இறக்குமதி மண்ணெண்ணெய் இலங்கைக்கு வரத்தொடங்கியது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத்தொடங்கிய புகையிரதம் 1905இல் தெற்கோடு இணைந்தபின் வெளிப்பொருள்களின் வரவு பெருகியது. சிறு குப்பிவிளக்கும், கண்ணாடிக் கூடுடைய அரிக்கன் லாம்பும், திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பளீரென எரிந்த பெற்றோமாக்சும் எண்ணெய் விளக்கை மெல்ல மெல்லப் பூசையறைக்குள் ஒதுக்கின. 1950களிலும் 1960களிலும் நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது துலா தோட்டங்களிலிருந்து மறையத் தொடங்கியது. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடிய அந்த இயந்திரம் பலர் மணிக்கணக்கில் செய்த வேலையைச் சிறிது நேரத்தில் முடித்தமையால், துலாவை விடுவதற்கு உழவர் எவரும் தயங்கவில்லை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபெற்றபோது பயிர்ப்பரப்பும் இறைப்பும் மேலும் பெருகின.

மின்சாரம் சற்றுப் பிந்தியே பரவியது. தெற்கில் 1950இல் இலக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, ஆறில்லாத வடக்குக்கு அத்தகைய வாய்ப்பு இல்லாமையால் 1950களின் பிற்பகுதியில் சுன்னாகத்தில் டீசலால் இயங்கும் மின்நிலையம் அமைந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்ட பின்னர் கம்பி மேலும் பல ஊர்களுக்குச் சென்றது. பின்னாளில் குடாநாடு தெற்கிலிருந்து வந்த உயரழுத்தக் கம்பியாலும் இணைந்தது. மண்ணெண்ணெய், கரி, ஊமல், பொச்சு என்று வேலைக்கேற்ப வேறுபட்ட எரிபொருள்கள் இருந்த வீட்டில், எல்லா வேலைக்கும் ஒரே ஆற்றல் சுவரிலுள்ள ஓர் ஆளியின் வழியே வந்தது. எரிவது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாமல், மாத முடிவில் வரும் பட்டியலில் மட்டுமே தெரிந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது எரிபொருட் சிக்கனம் உலகெங்கும் அரசுகளின் கொள்கையானது; இலங்கையில் 1980களில் இரண்டு பானைகளை ஒரே நெருப்பில் ஏற்றும் மேம்பட்ட மண் அடுப்புகள் பரப்பப்பட்டன. பனையின் பயனை மீட்க 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. ஆயினும் குடாநாட்டின் நகர்ப்புற வீடுகளில் அக்காலத்துப் போக்கு மின்குமிழையும் மின்விசிறியையும் மண்ணெண்ணெய்க் குக்கரையும் நோக்கியதாகவே இருந்தது.

இருளான ஆறாண்டுகள்

1990 ஜூனில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் வெடித்தபோது குடாநாட்டின் மின்சாரம் நின்றது. அதனோடு அரசு விதித்த பொருளாதாரத் தடையால் பெற்றோல், டீசல், பற்றரி முதலிய பல பொருள்கள் வரவில்லை. மண்ணெண்ணெய் குறைந்த அளவில் பங்கீட்டில் கிடைத்தது, வெளியே விலையோ பல மடங்காயிற்று. 1996 வரை குடாநாட்டு மக்கள் அடையாளம் காணத்தக்க ஒரு தனி வாழ்க்கை முறையை அமைத்துக்கொண்டனர்; அதன் சின்னமாக இன்றும் நினைவுகூரப்படுவது ஜாம் போத்தல் விளக்கு.

அந்த விளக்கின் அமைப்பு மிக எளியது, ஆனால் ஒவ்வொரு பகுதியும் எண்ணிச் செய்யப்பட்டது. வெறுமையான ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விடுவர்; துவிச்சக்கரவண்டி ரியூபின் வால்வு போன்ற ஒரு சிறு குழலில் மெல்லிய திரியைக் கோத்துப் பஞ்சில் தொடும்படி நிறுத்துவர். விளக்கு எரிக்கும் எண்ணெயின் அளவு பெரும்பாலும் திரியின் அகலத்தைப் பொறுத்தது: அரிக்கன் லாம்பின் அகன்ற பட்டைத்திரி உறிஞ்சும் எண்ணெயில் ஒரு சிறுபங்கே இந்த நூல்போன்ற திரிக்குப் போதும். சுடர் போத்தலின் வாய்க்குக் கீழே, கண்ணாடிச் சுவருக்குள் எரிவதால் காற்று அதை அலைக்காது. போத்தல் கவிழ்ந்தாலும் எண்ணெய் பஞ்சிலேயே நின்றுவிடுவதால் தீ பரவும் ஆபத்தும் குறைவு. வெளிச்சம் மங்கலானது, ஒரு புத்தகத்தின் விரித்த பக்கத்தைத் தாண்டி அதிகம் செல்லாது. அந்த ஒரு பக்கத்துக்கு வேண்டிய ஒளியை மட்டும் எரித்துப் பரீட்சைக்குப் படித்த ஒரு தலைமுறை குடாநாட்டில் உண்டு. ஒரே விளக்கைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அமர்ந்ததும், படிப்பு முடிந்ததும் விளக்கு அணைந்து வீடு உறங்கியதும் அக்காலத்து இரவின் ஒழுங்கு.

அடுப்பும் இதற்கிணங்க மாறியது. மண்ணெண்ணெய்க் குக்கர் மூலையில் கிடக்க, மரக்காலைகளில் கிடைத்த மரத்தூளைக் கொண்டு எரியும் அடுப்பு பல வீடுகளில் இடம்பிடித்தது. ஒரு தகரப் பேணியின் நடுவில் ஒரு போத்தலையும், அடிப்பக்கத் துளையின் வழியே ஒரு தடியையும் நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்தபின் இரண்டையும் உருவினால் உள்ளே ஒரு வளைந்த குழாய் உருவாகும். அடியில் சிறு கொள்ளியைக் கொளுத்த, தூள் உள்ளிருந்து வெளியே மெல்லக் கனன்று பல மணிநேரம் எரியும். எறியப்படும் கழிவிலிருந்து ஒருவேளைச் சமையலுக்குரிய நெருப்பு கிடைத்தது. விறகு விலையேறியபோது காவோலையும் பொச்சும் ஊமலும் நகரத்து வீடுகளுக்கும் திரும்பின. சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழக் களியால் துணி வெளுக்கும் பழைய முறையும் திரும்பியது. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்ற, அதன் டைனமோ தரும் மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்கப்பட்டது. பழைய பற்றரிகள் வெயிலில் வைக்கப்பட்டு இன்னும் சிறிது நேரத்துக்கு உயிர்பெற்றன. மோட்டார்ச் சைக்கிளும் கார்களும் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரம் ஓடாத தோட்டங்களில் துலாவும் கைவாளியும் மீண்டும் பயன்பட்டன.

இக்காலத்து ஆக்கத்திறன் குடாநாட்டாரின் பெருமைக்குரிய நினைவாக அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்தப் பெருமைக்குரிய தகுதியும் அதற்கு உண்டு. ஆனால் பொருத்தமான அளவைத் தெரிந்து செலவிடுவதற்கும், போதாத அளவோடு வாழ நிர்ப்பந்திக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பெருமை மறைத்துவிடக்கூடாது. மருத்துவமனைகளின் குளிர்சாதனங்களும் சத்திரசிகிச்சைக் கூடங்களும் கிடைக்கும் சிறிதளவு எரிபொருளை நம்பியே இயங்கின; மங்கல் ஒளியிலும் புகையிலும் பழுதான கண்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. வீடுகளில் ஓலைத்துண்டும் வீணாகாத அதே ஆண்டுகளில், பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைமரங்கள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. குடாநாட்டின் எரிபொருட் சேமிப்பின் ஆதாரமாக இருந்த மரமே போரின் கட்டடப்பொருளானது. 1995 ஒக்ரோபர் 30 அன்று தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் குடாநாட்டின் ஒரு பகுதியாகிய வலிகாமத்து மக்கள் தம் அடுப்பையும் கிணற்றையும் விட்டு வெளியேறியபோது அந்த வாழ்க்கை முறையின் ஒரு பகுதி முடிவுக்கு வந்தது.

இரண்டு நேரங்கள்

1996இல் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கிய அதே ஆண்டில், தெற்கில் வரட்சியால் நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்ற, மின்வெட்டு கடுமையானது. மாலை வெளிச்சத்தை நீட்டி விளக்குச் செலவைக் குறைப்பதற்காக அரசு மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. ஒக்ரோபரில் அதில் அரைமணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் இந்த மாற்றம் ஏற்கப்படாமல் பழைய நேரமே நடந்தமையால், ஓமந்தையையும் முகமாலையையும் கடந்தவர்கள் சோதனைச்சாவடியோடு கடிகாரத்தையும் கடக்கவேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் அரசின் புதிய நேரத்தில் இயங்கியது. ஆனால் மாற்றத்தின் நோக்கமான நீர்மின் சேமிப்பு அங்கு பொருளற்றது, ஏனெனில் குடாநாடு நாட்டின் மின்கட்டமைப்போடு அப்போது இணைந்திருக்கவே இல்லை. எரிக்காத மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரம் நகர்த்தப்பட்ட இந்நிகழ்வு, சிக்கனம் அந்தந்த இடத்தின் நிலைமையிலிருந்து பிறக்காமல் மேலிருந்து வரும்போது எவ்வளவு பொருந்தாமற் போகலாம் என்பதற்கு நல்ல சான்று.

மின்சாரம் பின்னர் டீசல் இயந்திரங்களின் துணையோடு படிப்படியாகத் திரும்பியது. 2002இன் போர்நிறுத்தத்தில் திறந்த, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது பழைய தட்டுப்பாடுகள் மறுபடி தலைகாட்டின. 2009இல் போர் முடிந்தபின், அடுத்த சில ஆண்டுகளில் குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்தது. 2013இல் சுன்னாகத்தில் 24 மெகாவாட் வலுவுள்ள ‘உத்துரு ஜனனி’ அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகத்தின் சூழலில் கிணற்றுநீரில் எண்ணெய் கலந்தமை பெரும் போராட்டமாக எழுந்தபோது, ஆறில்லாத நிலத்தில் மின்னுற்பத்தியின் கழிவு இறுதியில் எங்கே போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது: வீட்டில் தேவையின்றி எரியும் ஒவ்வொரு விளக்கின் கணக்கும் இறுதியில் நிலத்தடி நீரைத் தொடுகிறது.

மறுபடியும் பொருத்தம்

2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் யாழ்ப்பாணத்தின் 1990களைச் சிறிது சுவைத்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. சமையல் எரிவாயு கிடைக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. கொழும்பில் பலர் விறகடுப்பை முதன்முறையாகக் கற்றுக்கொண்டபோது, குடாநாட்டின் வளவுகளில் குசினிக்கு வெளியே ஓர் அடுப்பு எப்போதும் தயாராக நின்றது. துவிச்சக்கரவண்டியும் அங்கே கைவிடப்பட்டிருக்கவில்லை. பழைய அறிவு எங்கே உயிரோடு இருந்ததோ அங்கே நெருக்கடியின் முதல் அடி சற்றுக் குறைவாக விழுந்தது.

இலங்கையின் வீட்டு மின்கட்டணம் பயன்பாடு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும்படி படிநிலையாக அமைந்தது. ஆகையால் மாதப் பட்டியலின் கடைசிச் சில அலகுகளே மிக விலையுயர்ந்தவை. குண்டுமின்குமிழை அகற்றி எல்.ஈ.டி. குமிழ் போடுவது, அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் மின்விசிறியை ஓடவிடுவதற்குப் பதிலாகக் கூரைக்கு மேல் நிழல்தரும் மரத்தை வளர்ப்பது, மின் கேத்தலில் ஒருவருக்கு வேண்டிய நீரை மட்டும் கொதிக்கவைப்பது, ஸ்திரிக்கை போடும் உடுப்புகளைச் சேர்த்து ஒரே தடவையில் முடிப்பது ஆகியவை இன்று பரிந்துரைக்கப்படும் வழிகள். இவற்றை ஊமலையும் சிரட்டைக்கரியையும் காவோலையையும் வேலைக்கேற்பப் பிரித்த பழைய அடுப்போடு ஒப்பிட்டால் ஒரே கொள்கை இரண்டிலும் தெரியும். அடுத்த நிலை உற்பத்தியிலேயே இது நிகழ்வதாகும்: எழுவைதீவில் காற்றாலையும் சூரியப்படலமும் மின்கலமும் டீசல் இயந்திரமும் இணைந்த கலப்பு மின்நிலையம் அந்தத் தீவின் தேவைக்கு ஏற்ற அளவில் அமைக்கப்பட்டது, நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இதுபோன்ற திட்டம் வகுக்கப்பட்டது. குடாநாட்டின் வெயிலும் கடற்காற்றும் அதன் சொந்த வளங்கள். நீர்மின்சாரம் இல்லாத நிலத்துக்கு இவையே ஆறாகலாம்.

யாழ்ப்பாணத்தின் இந்த வரலாறு மூன்று வகையான சிக்கனங்களைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, நிலத்தின் இயல்பிலிருந்து தலைமுறைகளால் கற்றுச் சேர்த்தது. அது திறமானது, ஆனால் அதன் பாரம் சமமாகப் பகிரப்படவில்லை. இரண்டாவது, தடையாலும் போராலும் திணிக்கப்பட்டது. அது முதலாவதன் அறிவைக் கொண்டு உயிர்தப்பியது, ஆனால் அதைத் திரும்ப விரும்புவோர் எவருமில்லை. மூன்றாவது, வசதி இருக்கும்போதே தெரிந்து மேற்கொள்வது; இன்றைய வீடுகளின் முன் இருப்பது இதுவே. முதலாவதிலிருந்து அளவறியும் அறிவையும், இரண்டாவதிலிருந்து அதற்குக் கொடுத்த விலையின் நினைவையும் எடுத்துக்கொண்டால், மூன்றாவது ஒருவர் முதுகில் ஏற்றப்படாத, எல்லோருக்கும் போதிய ஒளி தரும் சிக்கனமாக அமையும்.